புகை கலைந்த பிறகு

விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கை மகன், கம்ப்யூட்டரில் யுத்த விளையாட்டு ஒன்றை விளையாடிக்கொண்டிருந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு கிராமத்துச் சாலை. அவனுடைய வீரன் ஒருவன் புகைக் குண்டை எறிந்தான். எழுந்த வெண்புகையின் மறைவில் பத்துப் பேர் சாலையைக் கடந்து ஓடினார்கள். புகைக்கு அப்பால் வேலி ஓரமாகப் பதுங்கியிருந்த இயந்திரத் துப்பாக்கி அத்தனை பேரையும் சாய்த்துவிட்டது.

"வேலிக்குப் பின்னால் எவனாவது இருப்பான் என்று யோசிக்க வேண்டாமா?" என்று கடிந்துகொண்டேன்.

"இப்போது தெரிகிறது, மாமா. அப்போது தெரியவில்லையே!" என்றான் பையன்.

சாதாரணமாகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் அன்று இரவு முழுவதும் அது என்னைத் தொந்தரவு செய்தது.

சதுரங்கத்தில் ஒளிவுமறைவு கிடையாது. பலகை முழுவதும் இருவர் கண்ணுக்கும் தெரியும். யுத்தம் அப்படிப்பட்டதல்ல என்பதை உணர்ந்து, 1824-ஆம் ஆண்டில் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் ஒரு விளையாட்டை வகுத்தார். அதில் இரு கட்சியாரும் தங்கள் உத்தரவுகளை ஒரு நடுவரிடம் கொடுக்க வேண்டும். யாருடைய கண்ணுக்கு எது புலப்படுமோ, அதைத்தான் நடுவர் வரைபடத்தில் வைப்பார்.

இன்றைய விளையாட்டுகளுக்கும் இந்தச் சங்கடம் உண்டு. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த 'காம்பாட் மிஷன்' என்ற விளையாட்டில், ஒரு வீரன் எதிரியைப் பார்த்துவிட்டால் போதும். அந்தக் கணமே படை முழுவதும் அறிந்துவிடும். இது நடக்கிற காரியமா என்று விளையாடுகிறவர்களே குறைப்பட்டார்கள். 2007-இல் அந்த வரிசையில் வந்த ஒரு விளையாட்டில் இதைத் திருத்தினார்கள். தான் கண்டதையும் தனக்குச் சொல்லப்பட்டதையும் தவிர, ஒருவனுக்கு வேறொன்றும் தெரியாது. ஆனாலும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவன் மட்டும் அத்தனை பேருடைய கண்களாலும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். புகைக்குள் ஓடுகிறவன் வேறு. அவனை ஓடச் சொல்கிறவன் வேறு.

நாவலாசிரியனுக்கு இந்த வியாதி இன்னும் அதிகம். கடைசி அத்தியாயத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு முதல் அத்தியாயத்தை எழுதுகிறவன் அவன். கதாபாத்திரங்களை அப்படிப் பார்த்துப் பழகிய நான், என் தகப்பனாரையும் அப்படித்தான் பார்த்தேன்.

எனக்குப் பதினான்கு வயதில் என் தாயார் காலமானாள். இரவில் வயிற்று வலி என்றாள். விடிந்ததும் வைத்தியரிடம் அழைத்துப் போகலாம் என்று அப்பா தீர்மானித்தார். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 'இரவே ஏன் புறப்படவில்லை?' என்று முப்பது வருஷங்கள் மனத்துக்குள் அவரைக் கூண்டில் நிறுத்திவைத்திருந்தேன். வாய்விட்டு ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காமலே தண்டித்தேன்.

அந்த இரவில் அவருக்கு என்ன தெரியும்? அதற்கு முன் இரண்டு முறை வந்து தானாகவே போய்விட்ட வலி அது. "குழந்தைகளை எழுப்பாதீர்கள், சரியாகிவிடும்" என்று சொன்ன மனைவி. வெளியே கொட்டும் மழை. அவ்வளவுதான். மறுநாள் காலையில் தெரிந்த உண்மையை முதல் நாள் இரவுக்குள் கொண்டுபோய் வைத்து, அந்த வெளிச்சத்தில் நான் தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

அப்படியானால், 'தெரியவில்லை' என்று சொல்லிவிட்டால் எல்லாத் தவறும் மன்னிக்கப்பட்டுவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு இரண்டாம் உலக யுத்தத்தில் நடந்த ஒன்றைச் சொல்லுகிறேன்.

அட்லாண்டிக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்த காலம். 1942-இல் பிரிட்டிஷ் கடற்படையைச் சேர்ந்த கில்பர்ட் ராபர்ட்ஸ், லிவர்பூல் நகரில் ஓர் அறையின் தரையையே கடலாக்கினார். சுற்றிலும் கான்வாஸ் திரைகள். அவற்றில் சிறு துவாரங்கள். காவல் கப்பல் அதிகாரிகள் திரைக்குப் பின்னால் நின்று, கப்பலிலிருந்து எவ்வளவு தெரியுமோ அவ்வளவை மட்டும் பார்த்து உத்தரவிட வேண்டும். நீர்மூழ்கியின் பாதையைக் கடற்படைப் பெண்கள் திரைக்குப் பின்னால் நிற்பவர்களுக்குத் தெரியாத நிறச் சாக்கட்டியால் வரைவார்கள். எதிரி வெளியிலிருந்து தாக்குவதாக எண்ணித் தேடிக்கொண்டிருந்தார்கள். அவனோ இரவில் கப்பல் வரிசைகளுக்கு நடுவிலேயே புகுந்து தாக்குகிறான் என்பதை ராபர்ட்ஸும் அந்தப் பெண்களும் அந்தத் தரையில்தான் ஆராய்ந்து அறிந்தார்கள்.

திரையைக் கட்டியவர்கள் துவாரத்தையும் வைத்தார்கள் அல்லவா? அதன் வழியாகப் பார்க்காதவன், 'தெரியவில்லை' என்று சொல்ல முடியாது. தெரியாமல் போவது வேறு. பார்க்காமல் இருப்பது வேறு. மனிதனிடம் நாம் கணக்குக் கேட்க வேண்டியது இரண்டாவதற்குத்தான்.

அப்பா பார்த்தாரா? அந்த இரவில் நான் இரண்டு முறை விழித்தேன். இரண்டு முறையும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். இதுவும் எனக்கு அன்றிலிருந்தே தெரியும். தீர்ப்பு எழுதும்போது மட்டும் ஞாபகம் வரவில்லை.

தங்கை மகன் மறுபடியும் முதலிலிருந்து விளையாடினான். துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டதால் இந்தத் தடவை சுலபமாக ஜெயித்தான். அப்பாவுக்கு இரண்டாவது ஆட்டம் கிடைக்கவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கும் கிடைக்கவில்லை.