மட்குடமும் மாண்பும்

கலைக்குரிய பொருள் யாது? அரசரும் தெய்வமும் போர்க்களமுமே சித்திரத்திற்குத் தகும். அடுப்பங்கரைச் சட்டியும் பானையும் தகா என்போர் பல நாடுகளிலும் இருந்தனர். அக்கூற்றினுள் வேறொரு கூற்று மறைந்து கிடக்கின்றது. பானை இழிந்தது என்பார், அதைப் புழங்கும் கையையும் இழிந்ததென்றே எண்ணுகின்றனர்.

ஸ்பெயின் தேசத்துச் செவில் நகரில், 1620-ஆம் ஆண்டை ஒட்டி, வெலாஸ்குவெஸ் என்னும் இளம் ஓவியர் தண்ணீர் விற்கும் முதியவர் ஒருவரைத் தீட்டினார். அப்படம் இன்று இலண்டன் ஆப்ஸ்லி மாளிகையில் உள்ளது. கிழிந்த மேலாடை அணிந்த முதியவர் ஒரு சிறுவனுக்குக் கண்ணாடிக் குவளையில் நீர் அளிக்கின்றார். படத்தின் முன்னே பெரிதாய் நிற்பதோ ஒரு மண்சாடி. அதன் வளைவரைகளும், புறத்தே வழியும் நீர்த்துளிகளும் தெளிவுறத் தோன்றுகின்றன. இத்தகைய படங்களைச் சிலர் பழித்தனர். ஓவியரின் ஆசானும் மாமனாருமான பச்சேக்கோ, 1649-இல் வெளியான தம் நூலில் அவற்றிற்காக வாதாடினார்.

அழகு ஓவியன் கையில் உள்ளதன்றிப் பானையில் இல்லையே எனச் சிலர் வினவலாம். மண்ணின் நுண்துளைவழிக் கசியும் நீர் ஆவியாகி, உள்ளிருக்கும் நீரைக் குளிர்விக்கின்றது. பானைக்கு அத்தொழில் முன்னரே உண்டு. அதனைக் கண்டு மதித்தமையே ஓவியரின் பெருமை.

தோட்டக் கிராணியாகிய யான் ஆங்கிலப் பள்ளியில் பயின்றவன். அப்படத்தை நூலிற் கண்டு பன்முறை வியந்துளேன். சின்னாட்களின் முன், கடும் வெயிலில் முதிய தொழிலாளி ஒருவர் தம் மட்குடத்து நீரை வார்த்து, “குடியுங்கள், கிராணி ஐயா” என்று நீட்டினார். தாகமில்லை என்று பொய்யுரைத்தேன். தூய்மை கருதியே மறுத்தேன் என என் நெஞ்சிற்குச் சொல்லிக்கொண்டேன். பிறர் குடத்து நீரை மறுத்த நம் முன்னோர் பலரும் இச்சொல்லையே அன்றோ சொன்னார்கள்!

அன்றிரவு படத்தைத் திறந்தேன். சிறுவன் கை குவளையைப் பற்றியிருந்தது. என் கையோ பின்வாங்கிய கை.

மறுநாள் அம்முதியவரிடம் சென்று யானே நீர் கேட்டுப் பருகினேன். நீர் குளிர்ந்திருந்தது. அவர் ஒன்றும் கூறவில்லை.

அன்பர்களே! படத்துப் பானையைப் போற்றிப் பானைக்குரியவரைப் புறக்கணிப்பது என்ன கலையறிவு? கலை நம் கண்ணைத் திருத்தியதோ என்பதை, நீர் நீட்டும் கையின் முன் நிற்கும்போதே அறியலாம்.