இரண்டு குழிகள்



சமீபத்தில் ஒரு வாலிப ஊழியரும் அவருடைய மனைவியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கலியாணமாகி நாலே மாதம். தூரமான ஒரு தீவுக்கு ஊழியத்திற்குப் போகிறார்கள். தம்பியின் முகத்தில் ஒரே சந்தோஷம். "ஐயா, தலையில கைவச்சு ஜெபம் பண்ணுங்க, சீக்கிரம் கிளம்பணும்" என்றார். அந்த மகளோ ஒரு வார்த்தை பேசவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் என் மனைவி என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது.

"ஜெபம் அப்புறம் பண்ணலாம், முதல்ல உட்காருங்க" என்று சொல்லி, இரண்டு குழிகளைப் பற்றி அவர்களுக்குச் சொன்னேன். அதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே பசிபிக் சமுத்திரத்தில் இன்று வனுவாட்டு என்கிற தீவு நாடு இருக்கிறது. அக்காலத்தில் அதற்கு நியூ ஹெப்ரிடீஸ் என்று பேர். அங்கே தான்னா என்ற தீவில் 1858 நவம்பர் 5ஆம் தேதி ஸ்காட்லாந்து தேசத்து ஊழியர் ஜான் பேட்டனும் அவர் மனைவி மேரியும் வந்து இறங்கினார்கள். புதுசாய் மணமானவர்கள். மேரி கர்ப்பவதி. பேட்டன் வைராக்கியத்தோடு வீடு கட்ட ஆரம்பித்தார். எங்கே? கடற்கரை ஓரமாய், தாழ்ந்த இடத்தில். சாமான் இறக்க வசதி, கண்ணுக்கும் அழகு.

1859 பிப்ரவரி 12ஆம் தேதி ஆண் குழந்தை பிறந்தது. தாய்க்குக் காய்ச்சல் கண்டது. மார்ச் 3ஆம் தேதி மேரி மரித்துப்போனாள். பிறந்து 36 நாளில் குழந்தையும் போய்விட்டது. தூக்குவதற்குச் சொந்தக்காரர் இல்லை. பேட்டன் தம் கையாலேயே வீட்டுக்குப் பக்கத்தில் குழி வெட்டி இருவரையும் அடக்கம்பண்ணினார். இதுதான் முதல் குழி.

அதற்குப் பிறகு அவருக்கும் காய்ச்சல் வந்தது. ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, 14 தடவை! அப்போது அந்தத் தீவின் வயதான தலைவன் ஒருவன் வந்து புத்தி சொன்னான். இவ்வளவு தாழ்வான இடத்தில் எங்கள் ஜனங்கள் ஒருவரும் படுப்பதில்லை, காற்று வீசுகிற மேட்டுக்குப் போய்ப் படு, இல்லாவிட்டால் செத்துப்போவாய் என்பதுதான் அந்தப் புத்தி. கொசுவினால் மலேரியா பரவுகிறது என்று ரொனால்ட் ராஸ் நம்முடைய செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897ல்தான். ஆனால் எங்கே படுத்தால் காய்ச்சல் வரும் என்பது அந்தத் தலைவனுக்கு அப்போதே தெரியும். படித்தவருக்குத் தெரியவில்லை, பாட்டன் காலத்திலிருந்து அங்கே வாழ்ந்தவனுக்குத் தெரிந்திருந்தது!

பேட்டன் தட்டுத்தடுமாறி மேட்டுக்கு ஏறினார். பாதி வழியில் விழுந்துவிட்டார். அவரைத் தூக்கிச் சுமந்து, இளநீர் கொடுத்துக் காப்பாற்றியது யார் தெரியுமா? பக்கத்துத் தீவாகிய அனெய்ட்டியத்திலிருந்து ஊழியத்திற்கு வந்திருந்த ஆபிரகாம் என்ற உபதேசியாரும் அவர் மனைவியும்தான். சரித்திரப் புத்தகங்களில் பேட்டன் பெயர் பெரிதாய் இருக்கிறது. ஆனால் அந்தத் தீவுத் தம்பதிகள் இல்லாவிட்டால் அவர் கதை அந்த மேட்டுப் பாதையிலேயே முடிந்திருக்கும்.

அன்பானவர்களே, இதை நான் வேறொருவர் கதையாகச் சொல்ல முடியாது. என் கதையையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நாங்கள் ஊழியத்திற்கு வந்த புதிதில் ஒரு மீனவக் குப்பத்தில் குடியிருந்தோம். வாடகை குறைவு என்று பள்ளத்தில் இருந்த ஒரு வீட்டைப் பிடித்தேன். என் மனைவி அப்போது ஐந்து மாதம். எதிர்வீட்டுப் பாட்டி வந்து, "ஐயா, மழைக்காலத்துல அந்தப் பள்ளத்து வீட்டுல எங்க ஆளுங்க யாரும் படுக்கமாட்டாங்க. புள்ளத்தாச்சிய வச்சுக்கிட்டு இருக்கீங்களே" என்றது. நான் சிரித்துக்கொண்டே, "கர்த்தர் பார்த்துக்குவார் பாட்டி" என்றேன். இரவில் என் மனைவி, "ஏங்க, அந்தப் பாட்டி சொன்னதக் கொஞ்சம் யோசிக்கலாமே" என்று மெதுவாய்க் கேட்டாள். அதை அவிசுவாசம் என்று நான் கண்டித்தேன்!

மழை வந்தது. வீட்டைச் சுற்றித் தண்ணீர் நின்றது. அவளுக்குக் குளிர்காய்ச்சல். ஆறாம் மாதத்தில் அந்தப் பிள்ளையை இழந்தோம். சாயங்காலம் நானே மண்வெட்டி எடுத்துக் குழி வெட்டினேன். என் மனைவி என்னை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பாரமாயிருந்தது. வைராக்கியம் இருந்தது, ஜெபம் இருந்தது, உபவாசம் இருந்தது. ஆனால் கேட்கிற காது இல்லை.

ஆதியாகமம் 21ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். விசுவாசிகளின் தகப்பனாகிய ஆபிரகாமைப் பார்த்து, சாராள் சொல்வதைக் கேள் என்று கர்த்தரே சொல்லுகிறார். ஆபிரகாமுக்கே அந்தப் பாடம் தேவைப்பட்டதானால் எனக்கும் உங்களுக்கும் எம்மாத்திரம்!

சரி, இரண்டாவது குழிக்கு வருகிறேன்.

கப்பல்கள் கொண்டுவந்த தட்டம்மையில் தான்னா தீவின் ஜனங்கள் ஏராளமாய் மாண்டார்கள். வெள்ளைக்காரர்மேல் அவர்களுக்கு வந்த கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1862ல் பேட்டன் உயிர்தப்பி வெளியேறினார். 1864ல் மார்கரெட் என்ற சகோதரியை மணந்தார். 1866 நவம்பரில் இருவரும் பக்கத்தில் உள்ள அனிவா என்ற சின்னத் தீவுக்கு வந்தார்கள். மலை இல்லை, ஆறு இல்லை, எல்லாம் பவளப்பாறை.

இந்தத் தடவை வீட்டை மேட்டில் கட்டினார்கள். கடலில் கிடைத்த பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். வாய்க்கு வாய் கேட்டுக்கேட்டுப் பாஷையைக் கற்றார்கள். மார்கரெட் பெண்களோடு உட்கார்ந்து தையலும் பாட்டும் சொல்லிக்கொடுத்தாள். அங்கேயும் கண்ணீர் இருந்தது. தங்கள் பிள்ளைகளில் சிலரை அவர்களும் சிறுவயதிலேயே இழந்தார்கள். காது கொடுத்துக் கேட்டால் துக்கமே வராது என்று நான் சொல்லவில்லை. துக்கத்தில் அவர்கள் தனியாய் இல்லை என்றுதான் சொல்லுகிறேன்.

அந்தத் தீவில் குடிக்க நல்ல தண்ணீர் கிடையாது. மழைத்தண்ணீரும் இளநீரும்தான். பேட்டன் கிணறு வெட்டத் தொடங்கினார். நமகெய் என்ற வயதான தலைவன் பயந்துபோனான். மழை மேலேயிருந்துதானே வரும், கீழேயிருந்து எப்படி வரும், இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதே என்று நினைத்தான். தூண்டில் முள்ளைக் கூலியாய்க் கொடுத்து ஆட்களைச் சேர்த்தார் பேட்டன். ஏறக்குறைய 12 அடியில் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. அதற்குமேல் யாரும் உள்ளே இறங்கவில்லை. அவர் கீழே வெட்டினார், அவர்கள் மேலே நின்று மண்ணை இழுத்தார்கள். ஏறக்குறைய 30 அடியில் தண்ணீர் வந்தது. உப்புத் தண்ணீர் அல்ல, நல்ல தண்ணீர்! அல்லேலூயா!

நமகெய் அதை வாங்கிக் குலுக்கிப் பார்த்தான், தொட்டுப் பார்த்தான், பிறகு குடித்தான். அதற்குப் பின் நடந்ததுதான் அற்புதம். கூலி கேட்காமல் தீவார் தாங்களே பவளக்கல் சுமந்துவந்து கிணற்றுக்குச் சுவர் எடுத்தார்கள். மண்ணுக்குள் மறைந்திருந்த தண்ணீரைப் போல, கண்ணுக்குத் தெரியாத தேவனும் இருக்கிறார் என்று நமகெய்யே எழுந்து சாட்சி சொன்னான். பிரசங்கம் பண்ணினது பேட்டன் அல்ல, அந்தத் தீவின் மனுஷன்! 1899ல் அவர்கள் பாஷையில் புதிய ஏற்பாடு அச்சானது.

இன்னொன்று. மார்கரெட் பெற்ற பிள்ளைகளில் ஒருவராகிய பிராங்க் பேட்டன் 1896ல் ஊழியத்திற்குப் போன தீவு எது தெரியுமா? மேரியும் குழந்தையும் புதைக்கப்பட்டிருக்கும் அதே தான்னா!

தேவபிள்ளையே, புது இடத்துக்குப் போகிறாயா? தீவானாலும், காடானாலும், வேலை மாற்றலாகி வந்த ஊரானாலும் சரி, இறங்கின அன்றைக்கே பேச ஆரம்பிக்காதே. அங்கே எங்கே படுப்பார்கள், என்ன குடிப்பார்கள், எதற்குப் பயப்படுவார்கள் என்று கேள். வீட்டுக்காரி ராத்திரியில் மெதுவாய்ச் சொல்லுகிறதைக் கேள். சில வேளை கர்த்தர் எதிர்வீட்டுப் பாட்டியின் வாயைக்கொண்டு பேசுகிறார்.

இதைச் சொல்லி முடித்தபோது அந்தத் தம்பி மனைவியின் பக்கம் திரும்பி, "உனக்கு என்ன பயம்? சொல்லும்மா" என்றார். அவள் அழுதுகொண்டே பேச ஆரம்பித்தாள். நாங்கள் இருவரும் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டோம். ஒரு மணி நேரம் கழித்துத்தான் கைவைத்து ஜெபித்தோம்.

நீங்களும் என்னோடு ஜெபிப்பீர்களா? "ஆண்டவரே, வைராக்கியத்தைக் கொடுத்தீர், ஸ்தோத்திரம். கேட்கிற காதையும் எனக்குத் தாரும். என் கை வெட்டுகிற குழி மற்றவர்கள் குடிக்கிற கிணறாய் இருக்கட்டும். இயேசுவின் நாமத்தில், ஆமென்."