தோமாவை யாரும் துரத்தவில்லை



யோவான் 20-ம் அதிகாரத்தை இன்னொரு தரம் நிதானமாய் வாசித்துப் பாருங்கள். கர்த்தர் உயிர்த்தெழுந்ததை நம்பவே மாட்டேன் என்று தோமா எல்லார் முகத்துக்கும் நேராகச் சொல்லிவிட்டான். எட்டு நாள் கழித்து எங்கே இருக்கிறான்? அதே சீஷர்களோடே, பூட்டின கதவுக்கு உள்ளே! அவனை அவர்கள் துரத்தியிருந்தால், கர்த்தர் வந்த அன்று அவன் அங்கே இருந்திருப்பானா?

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் இதற்கு நேர்மாறாய்ச் செய்தது. 1811-ல் ஷெல்லி என்கிற 18 வயது மாணவன் நாத்திகத்தைப்பற்றி ஒரு சிறு புத்தகம் அச்சிட்டு பிஷப்மார்களுக்கே அனுப்பினான். வாலிபத் துணிச்சல்! நீ எழுதினதா என்று கேட்டதற்குப் பதில் சொல்ல மறுத்தான், கல்லூரியைவிட்டே நீக்கிவிட்டார்கள். பின்னாளில் பெரிய கவிஞன் ஆனான். விசுவாசி ஆகவில்லை.

அந்நாட்களில் இங்கிலாந்து திருச்சபையின் 39 விசுவாசக் கோட்பாடுகளுக்குக் கையெழுத்துப் போட்டால்தான் ஆக்ஸ்போர்டில் சேரவே முடியும். இது நாத்திகனை மட்டுமா தடுத்தது? பாப்டிஸ்டுகாரரும் வெளியேதான் நின்றார்கள். நம்மைப்போல முழுக்கு ஞானஸ்நானம் எடுத்த ஜனம்! மனசில்லாமல் கையெழுத்துப் போட்டவன் உள்ளே, மனசாட்சிக்குப் பயந்தவன் வெளியே. சேர்வதற்கு இருந்த அந்த நிபந்தனை 1854-ல்தான் போயிற்று.

நம் தேசத்து அரசியல் சட்டம் 28-ம் பிரிவும் இதைத்தான் காக்கிறது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற கல்வி நிலையத்தில் சம்மதமில்லாத ஒருவனை ஆராதனைக்கு வரக் கட்டாயப்படுத்தக் கூடாது. வேறு கல்லூரியில் நம் பிள்ளை பூஜைக்கு நிற்க மாட்டேன் என்று சொல்லலாம் அல்லவா? அந்த உரிமை நாத்திகப் பிள்ளைக்கும் உண்டு.

போன மாதம் ஒரு சகோதரி வந்து, "பாஸ்டர், ஹாஸ்டல்ல என் பையன் ரூம்ல இருக்கிற தம்பி கடவுளே இல்லைங்கிறானாம். வேற ரூம் கேட்கச் சொல்லவா?" என்றார்கள்.

"வேணாம்மா. கூட உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுங்க" என்றேன்.

வாலிபத் தம்பிகளே, அவன் கேட்டால் சாந்தத்தோடே பதில் சொல்லுங்கள் (1 பேதுரு 3:15). கேட்காவிட்டால் சும்மா சிநேகிதனாய் இருங்கள். அவன் பரீட்சைக்குப் படிக்கிற நடுராத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்து அந்நியபாஷையில் சத்தமாய் ஜெபிக்காதீர்கள், மொட்டை மாடிக்குப் போங்கள்! கேம்பஸ் ஜெபக்குழுவுக்கு வரவில்லை என்று நோட்ஸ் கொடுக்காமல் இருப்பது விசுவாசம் அல்ல, கிறுக்குத்தனம்.

அந்தத் தம்பிக்கு அடுத்த மாதம் செமஸ்டர் பரீட்சையாம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் நம் பிள்ளைகளோடு அவனையும் நினைத்துக்கொள்ளுங்கள். பேர் சொல்ல வேண்டாம், கர்த்தருக்குத் தெரியும்.