தோழருக்குரிய கடன்

மார்க்கக் கல்வியால் அமைந்த நட்பு, வாணிபத்தால் வாய்த்த நட்பு என்றெல்லாம் வகுத்துரைப்போர், பொழுதுபோக்கினால் விளைந்த நட்பைக் கடைசியில்தான் வைக்கின்றனர். "சேர்ந்து சுட்டீர்கள், அவர் மவ்த்தாகிவிட்டார், அத்தோடு முடிந்தது" என்று அன்பர் ஒருவர் நம்மிடமே கூறினார். முடிந்ததா என்பதே நம் வினா.

மோகனூரில் காவிரிக்கரைத் தென்னந்தோப்பு ஒன்றில், மண்மேட்டின் முன் காகித இலக்கை நிறுத்தி, 10 மீட்டர் தொலைவில் நின்று ஏர்கன்னால் சுடுவது நமக்கும் காலஞ்சென்ற தோழருக்கும் பல்லாண்டு வழக்கம். 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும் இந்தப் 10 மீட்டர் தொலைவில்தான். உயிருள்ள எதையும் நாங்கள் இலக்காக்கியதில்லை. கோழியைக் கட்டிவைத்து அம்பெய்த இளைஞரை இப்னு உமர் (ரலி) அவர்கள் கண்டித்த செய்தியை ஓதியவர் அதற்குத் துணியார்.

அவ்விலக்கின் நடுப்புள்ளி அரை மில்லி மீட்டரே. மூச்சை அடக்கி, விசையைப் பதறாமல் அழுத்த வேண்டும். பதறினால் காகிதமே காட்டிக்கொடுக்கும். ரவை கோட்டைத் தொட்டாலே உயர்ந்த எண் என்பது விதி. தொட்டதா இல்லையா என்ற ஐயம் எழும்போதெல்லாம் தம் கணக்கில் குறைத்தும் நம் கணக்கில் கூட்டியும் எழுதியவர் அவர். (கடையில் அரைக்காசு விட்டுக்கொடுக்காதவர் என்பதும் ஊரறிந்ததே!) ஒருவரை அறிய இதனினும் நல்ல இடம் நாமறியோம்.

அவருக்குப் பின் துப்பாக்கியைத் துணியில் சுற்றி வைப்பதே மரியாதை என்பர் சிலர். உக்பா பின் ஆமிர் (ரலி) அவர்கள் தள்ளாத வயதிலும் இரண்டு இலக்குகளுக்கிடையே நடந்து நடந்து அம்பெய்தார்கள். இம்முதுமையில் இச்சிரமம் எதற்கு என வினவப்பட்டபோது, எய்யக் கற்றபின் கைவிடுவதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கடிந்துரைத்ததையே காரணமாகக் கூறினார்கள் என முஸ்லிம் ஷரீபில் காண்கிறோம். போருக்குரிய வில்லைப் பற்றிய அவ்வெச்சரிக்கையைக் காகிதம் துளைக்கும் நம் கருவிக்கு அப்படியே பொருத்தினால் ஆலிம்கள் நகைப்பர். ஆயினும், கற்றுத்தந்தவரின் பெயரால் கற்றதைக் கைவிடுவது எவ்வகை மரியாதை?

கதீஜா நாயகி (ரலி) அவர்கள் வஃபாத்தான பின்னரும், ஆடு அறுக்கும்போது அந்நாயகியின் தோழியருக்குப் பங்கு அனுப்பினார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். மறைந்தவருக்குரிய கடன் எஞ்சியிருப்போரிடம் செலுத்தப்படுகிறது. ஆதலின் துஆவோடு நாம் நின்றுவிடவில்லை. தோழரின் பேரனுக்கு வயது பன்னிரண்டு. புறாவைச் சுட வேண்டும் என்றே முதலில் கேட்டான். இப்போது நம் முன்னிலையில் மட்டும், காகிதத்தில் மட்டும் சுடுகிறான். ஐயத்துக்குரிய ரவையையெல்லாம் "தொட்டது" என்றே சாதிக்கிறான். நாமும் இப்போதைக்கு விட்டுக்கொடுத்து வருகிறோம்.