கூந்தலும் சுவாதீனமும்

அமெரிக்காவில் வாழும் கறுப்பினப் பெண்ணொருத்தி, நெருங்கிச் சுருண்டு வளரும் தன் இயற்கை முடியை இரசாயனக் களிம்பிட்டு நீட்டி நிமிர்த்தும் வழக்கத்தை விட்டொழித்து, அதனை அதன் போக்கிலேயே வளரவிட்ட பிறகு, இனி விக் அணியலாமா, சவுரி சேர்த்துப் பின்னிக்கொள்ளலாமா என்று யோசிப்பாளாயின், அந்த யோசனையை வெறும் அலங்கார விஷயமென்று ஒதுக்கிவிட நமக்கு அதிகாரமில்லை. அவளுடைய தலைமுடியைப் பற்றி அரசும் பள்ளிக்கூடமும் உத்தியோகசாலையும் தலைமுறை தலைமுறையாகத் தீர்ப்புச் சொல்லி வந்திருக்கின்றன.

1786-ஆம் ஆண்டில், ஸ்பானிய ஆட்சிக்குட்பட்டிருந்த லூசியானாவின் கவர்னர் எஸ்தபன் மிரோ, அடிமைத்தளையினின்று விடுபட்ட கறுப்பினப் பெண்களும் கலப்பினப் பெண்களும் தங்கள் கூந்தலைத் துணிகட்டி மறைக்க வேண்டுமென்று ஆணையிட்டார். அப்பெண்களோ, வர்ணம் வர்ணமான துணிகளைத் தேர்ந்து, கட்டும் வகையிலே தங்கள் கலைநயத்தைக் காட்டி, இழிவின் அடையாளமாக விதிக்கப்பட்டதை ஓர் ஆபரணமாகவே ஆக்கிக்கொண்டனர். ஏறக்குறைய இரு நூற்றாண்டு கழிந்து, 1981-ல், தலை முழுவதும் சிறு பின்னல்களாகப் பின்னிக்கொள்வதைத் தடுத்த விமானக் கம்பெனியை எதிர்த்து நியூயார்க்கில் ஒரு பெண் ஊழியர் வழக்காடியபோது, பின்னல் பிறவியோடு வருவதன்று, எளிதில் மாற்றிக்கொள்ளக் கூடியதே என்று நீதிமன்றம் நியாயம் சொல்லிற்று. மாற்றிக்கொள்ளக் கூடியது என்பதனாலேயே ஒன்றை மாற்றும்படி பிறர் கட்டளையிடலாம் என்னும் அந்தத் தர்க்கத்தை எத்தனை முறை நினைத்தாலும் என் மனம் ஆறுவதில்லை.

இந்தச் சரித்திரத்தை அறிந்தவர்களிற் சிலர், 1960-களில் கறுப்பே அழகு என்று முழங்கிச் சுருள்முடியைத் தலைநிமிர்ந்து காட்டிய தலைமுறையின் துணிவை எண்ணி, இன்று விக் அணிபவளைத் தன் இனத்தின் சொரூபத்தை மறைப்பவள் என்று கடிந்துகொள்கிறார்கள். அவர்களுடைய வேதனை எனக்குப் புரிகிறது. அந்தக் கடிதலை நான் ஏற்கவில்லை. எகிப்தியப் பெண்மணி மெரித்தின் பொய்முடி, மூவாயிரம் ஆண்டுகளைக் கடந்து, இத்தாலியின் தூரின் நகரத்து அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. நமீபியாவின் ம்பலாந்து பெண்கள் தசைநார் இழைகளைச் சேர்த்துப் பின்னிக் கணுக்கால் வரை ஜடை தொங்கவிட்டார்கள். கூந்தலோடு பிறிதொன்றைச் சேர்ப்பது ஆப்பிரிக்காவுக்கு அந்நியர் கற்பித்த வித்தையன்று. அன்றியும், சுருள்முடியில், மண்டையில் ஊறும் எண்ணெய்ப்பசை வளைவுகளைக் கடந்து நுனிவரை எளிதில் இறங்குவதில்லையாதலால், அது விரைவில் வறண்டு ஒடிகிறது. நாள்தோறும் சீப்புப் படாமல், தலையோடு ஒட்டப் பின்னி, அதன்மேல் விக்கை அணிவது அம்முடிக்கு ஓய்வு தருவதுமாகும். மிக இறுக்கிப் பின்னினாலோ, பசையிட்டு ஒட்டினாலோ, நெற்றியோரத்து முடி மீண்டும் முளைக்காமலே போய்விடக்கூடும் என்பதையும் அவளிடம் அன்புள்ளவர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அவள் வாங்க எண்ணும் முடி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியில் நமக்கும் பங்குண்டு. நேர்த்திக்கடனாகத் திருமலையின் கல்யாணக்கட்டாவில் நம்மவர்கள் இறக்கும் முடி, நீளவாரியாகத் தரம் பிரிக்கப்பட்டு, தேவஸ்தானத்தால் ஏலம் விடப்பட்டு, ஏற்றுமதியாளர் கைவழியே கடல் கடக்கிறது. அகங்காரத்தைக் களையும் பொருட்டு ஒருத்தி துறந்ததை இன்னொருத்தி அழகின் பொருட்டுச் சூடுவதில் எனக்கு யாதொரு விரோதமும் தோன்றவில்லை, கொடுத்தது கொடுத்ததே. ஆயினும், வறுமையினால் விற்கப்பட்ட கூந்தலும், பாத்திரத்துக்கும் பின்னூசிக்கும் மாற்றாகத் தெருவியாபாரி வாங்கிச் செல்லும் சிக்குமுடியும் அதே சந்தையில் வந்து கலக்கின்றன. அவற்றைக் கொடுத்தவளுக்குக் கிடைத்தது என்ன என்று ஒருவரும் கேளாதிருப்பதே என் மனத்தை உறுத்துகிறது.

2014-ல், தொலைக்காட்சித் தொடர் ஒன்றில், நடிகை வயோலா டேவிஸ் கண்ணாடிமுன் அமர்ந்து, விக்கைக் கழற்றி, தன் சொந்த முடியோடு காட்சியளித்தார். சூடுவதும் கழற்றுவதும் இவ்வாறு அவளவள் வசத்தில் இருக்கின்றனவா என்பதொன்றே நான் கேட்க விரும்புவது. கலிபோர்னியா மாநிலம் 2019-ல், இயற்கை முடியையும் பின்னலையும் காரணமாகக் கொண்டு பள்ளியிலும் பணியிலும் பேதம் பாராட்டுவதைத் தடைசெய்தது. வேறு பல மாநிலங்களும் அதைப் பின்பற்றின. தேசம் முழுமைக்குமான மசோதாவோ 2022-ல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும் செனட்டைக் கடக்கவில்லை. அத்தகைய சட்டமில்லாத ஊரில், உத்தியோகத்துக்கான நேர்முகத்துக்குப் போகுமுன் அச்சத்தோடு விக் வாங்குபவளிடம் சுயமரியாதையைப் பற்றிப் பேச எனக்கு நா எழாது. பேச வேண்டியது அவளை நேர்முகம் காணவிருக்கும் அதிகாரியிடம்.