சால்டரிங் அயர்னைக் கையில் எடு!

"கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிறதே, இதை எதற்கு வீட்டில் உட்கார்ந்து செய்கிறாய்?" பவர் சப்ளை ஒன்றைச் சொந்தமாகக் கட்டப் புறப்படும் பிள்ளையின் காதில் விழும் முதல் கேள்வி இது. காசுக் கணக்கில் கேட்பவர் பக்கமே நியாயம். டிரான்ஸ்ஃபார்மர், போர்டு, பெட்டி என்று உதிரியாக வாங்கினால், லட்சக்கணக்கில் தயாரிக்கும் தொழிற்சாலையின் விலைக்கு உன்னால் இறங்கவே முடியாது. பணம் மிச்சமாகும் என்ற எண்ணத்தில் வந்தவன் இன்றே எழுந்து போய்விடலாம்.

தொழில் தெரிய வேண்டும் என்று வந்தவனே, உட்கார்!

12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், நான்கு 4007 டையோடு, 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், 7805 ரெகுலேட்டர். அவ்வளவுதான் சரக்கு. பற்றவைத்து மீட்டரை வை. 5 வோல்ட் காட்டும். இப்போது அரை ஆம்பியர் இழுக்கும் லோடை மாட்டு. சற்று நேரத்தில் 7805 தொட முடியாதபடி கொதிக்கும். ஏன்? 12 வோல்ட் ஏசி, டையோடு தாண்டிக் கெபாசிட்டரில் ஏறும்போது ஏறக்குறைய 15 வோல்ட் டிசி ஆகிவிடுகிறது. 5 போக மீதி 10. அரை ஆம்பியரால் பெருக்கு: 5 வாட். அத்தனையும் வெப்பம்! பரீட்சைக்கு நெட்டுருப் போட்ட சூத்திரம் கண்ணெதிரே கொதிக்கிறது. ஹீட் சிங்க் எதற்கு என்று இனி உனக்கு யார் சொல்லித் தர வேண்டும்?

ஸ்டீவ் வோஸ்னியாக் ஹெவ்லெட்-பேக்கர்ட் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே, ஓய்வு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டர் போர்டை வடிவமைத்தார். கலிபோர்னியாவின் ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப்பில் தன்னைப் போன்ற ஆர்வலர்களிடம் அதைக் காட்டினார். 1976-இல் ஆப்பிள்-1 என்று விற்பனைக்கு வந்தது அந்தப் போர்டுதான். எல்லோரும் வோஸ்னியாக் ஆகிவிட முடியாது. ஆனால் வீட்டு டிவி இருண்டால், தலை உப்பிய கெபாசிட்டரை அடையாளம் கண்டு மாற்றும் துணிவு உனக்கு வரும். "போர்டே போச்சு" என்று யாரும் உன்னை ஏமாற்ற முடியாது. இந்தத் தெம்பு எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காது!

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இரு. 230 வோல்ட்டோடு விளையாடாதே. அது உயிரைக் குடிக்கும். முதல் சர்க்யூட்டுகளை பேட்டரியில் கட்டிப் பழகு. மெயின்ஸ் பக்கம் போகும் நாளில் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள், ஃபியூஸ் போடு, பிளக்கைப் பிடுங்காமல் உள்ளே கை வைக்காதே.

புகைந்தால் புகையட்டும். டையோடு சில ரூபாய்தான், இன்னொன்று வாங்கு. சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவுக்குப் போ, இல்லையேல் உன் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போ. பார்ட்ஸ் பட்டியலை இன்றைக்கே எழுது, இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கு!