கை பொறுக்கும் சூடு

சமையல் குறிப்பிலும் பாட்டி வைத்தியத்திலும் அடிக்கடி வருகிற ஓர் அளவு உண்டு: 'கை பொறுக்கும் சூடு'. எண்ணெய் காய்ச்சித் தலையில் தேய்ப்பதற்கும், ஒத்தடம் கொடுப்பதற்கும், குழந்தையைக் குளிப்பாட்டுவதற்கும் அதுதான் அளவு. வெப்பமானி இல்லாத வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இதைக் கொண்டே காரியம் நடந்திருக்கிறது. அதைப் பழிக்க நான் வரவில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு கேள்வி இருக்கிறது. பொறுப்பது யாருடைய கை?

முப்பது வருஷம் அடுப்படியில் புழங்கிய கையைப் பார்த்திருப்பீர்கள். பிடிதுணி இல்லாமல் கொதிக்கும் பாத்திரத்தை இறக்கி வைக்கும். ஆவி பறக்கும் இட்லியை விரலாலேயே தட்டிலிருந்து எடுத்துப் போடும். "சுடவில்லையா?" என்று கேட்டால் அந்த அம்மாள் சிரிப்பாள். அந்த விரலுக்கு வெதுவெதுப்பாக இருக்கும் பால், பிறந்து நாற்பது நாள் ஆன குழந்தையின் நாக்குக்கு எப்படி இருக்கும்?

புட்டிப் பாலைச் சூடு பண்ணும் விஷயத்தில் தர்ம விசாரணைக்கு என்ன இடம் என்று நீங்கள் நினைக்கலாம். வாய் பேசாத ஓர் உயிருக்கு நல்லது செய்யும்போது எந்த அளவுகோலை வைத்துக்கொண்டு செய்வது என்ற கேள்வி, இதைவிடத் தெளிவாக வேறு எங்கும் எழுவதாக எனக்குத் தோன்றவில்லை. ஆகையால் பொறுமையாகப் படியுங்கள்.

தாய்ப்பாலில் இந்தத் தொல்லையே கிடையாது. அது உடம்பின் சூட்டிலேயே வருகிறது. அதற்கு ஈடு இல்லை என்பதை எல்லோரும் அறிவார்கள். 1992-ல் நம் நாட்டில் வந்த சட்டமும் பால்மாவு டப்பாவின் மேலேயே அதை அச்சிட வைத்திருக்கிறது. ஆனாலும் பால் சுரக்காத தாய் இருக்கிறாள். நோயில் படுத்த தாய் இருக்கிறாள். தாயே இல்லாத குழந்தையும் இருக்கிறது. புட்டியைக் கையில் எடுத்த பெண்ணைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்பவர்கள் நம்மிடையே குறைவில்லை. அந்தக் கூட்டத்தில் நான் சேரமாட்டேன். புட்டியை எடுத்தாகிவிட்டது, இனி அதை எப்படிக் கொடுப்பது என்பதுதான் பேச்சு.

முதலில் ஒரு விஷயம் பலருக்கு வியப்பாக இருக்கும். பக்குவமாகக் கலந்து ஆறவைத்த பாலை மறுபடியும் சூடு பண்ணித்தான் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் மருத்துவத்தில் இல்லை. பெரும்பாலான குழந்தைகள் அறையின் சூட்டில் இருக்கும் பாலையே குடித்துவிடும். பின் ஏன் சூடு பண்ணுகிறோம்? நமக்காகத்தான் என்று எண்ணுகிறேன். நம் வீடுகளில் அன்பை அளப்பதே சூட்டினால்தான். வீட்டுக்கு வந்தவருக்குச் சூடாகக் காப்பி தராவிட்டால் மனம் கேட்பதில்லை; ஆறிய சோற்றைப் போட்டால், போட்டவளுக்கு அக்கறை இல்லை என்று அர்த்தம். குளிர்ந்த புட்டியைக் குழந்தையின் வாயில் வைக்கப் பாட்டியின் நெஞ்சு ஒப்புவதில்லை. குற்றம் சொல்ல முடியாத நெஞ்சுதான். ஆனால் அந்தச் சூடு குழந்தை கேட்டதன்று. நாம் கொடுக்க விரும்புவது. குழந்தை கேட்காத ஒன்றைக் கொடுக்கும்போது கூடுதல் ஜாக்கிரதை வேண்டும் அல்லவா?

இந்த இடத்தில்தான் மைக்ரோவேவ் அடுப்பு வந்து நிற்கிறது. நடுநிசி, குழந்தை வீரிட்டு அழுகிறது, வெந்நீர்ப் பாத்திரத்தில் புட்டியை நிறுத்திக் காத்திருக்கப் பத்து நிமிஷம் ஆகும், அடுப்புக்குள் வைத்தால் அரை நிமிஷம். யாருக்குத்தான் சபலம் வராது? ஆனால் அந்த அடுப்பு பாலை ஒரே சீராகச் சூடாக்குவதில்லை. ஒரு பக்கம் வெதுவெதுப்பாக இருக்கும்போதே இன்னொரு பக்கம் கொதிநிலையை நெருங்கியிருக்கும். சூடான பால் மேலே போய்த் தங்கும். புட்டியோ தொட்டால் குளிர்ந்தே இருக்கும். வெளியே தொட்டுப் பார்த்துத் திருப்தி அடைகிற கையை இதைவிட நன்றாக ஏமாற்ற முடியாது. குழந்தையின் வாயும் தொண்டையும் வெந்து போவது இப்படித்தான்.

வெந்நீரில் நிறுத்துவதே நல்லது. அதற்குமேல், புட்டியை மூடி நன்றாகக் குலுக்கிவிட்டு, மணிக்கட்டின் உட்புறத்தில் இரண்டு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். விரல் நுனியில் விடாமல் அங்கே விடுவது ஏன்? வேலை செய்து தடித்துப் போகாத மெல்லிய தோல் அங்கேதான் மிஞ்சியிருக்கிறது. நம் உடம்பிலேயே குழந்தையின் உடம்பைப் போன்ற ஓர் இடத்தைத் தேடிப் பிடித்து, அதனிடம் அபிப்பிராயம் கேட்கிறோம். யார் முதலில் கண்டுபிடித்தார்களோ, அவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது.

ரயிலில் ஒரு முறை ஓர் இளைஞர் எதிர் இருக்கையில் உட்கார்ந்து புட்டியில் பால் கலந்துகொண்டிருந்தார். மனைவி மேல் படுக்கையில் அயர்ந்து தூங்கினாள். குழந்தை அவர் மடியில் ரகளை செய்துகொண்டிருந்தது. அவர் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டார், தலையை அசைத்தார், ஜன்னல் காற்றில் புட்டியைப் பிடித்தார், மறுபடி ஒரு சொட்டு. பக்கத்தில் இருந்த பெரியவருக்குப் பொறுக்கவில்லை. "கொடுப்பா, குழந்தை அழுது சாகிறது! நாங்கள் எல்லாம் பிள்ளை வளர்க்கவில்லையா?" என்றார். இளைஞர் பதில் சொல்லவில்லை. மூன்றாவது சொட்டும் விட்டுப் பார்த்த பிறகே கொடுத்தார்.

'நாங்கள் வளர்க்கவில்லையா' என்ற அந்த வாக்கியத்தைப் பற்றி நான் வெகு நேரம் யோசித்தேன். அதுவும் தடித்த விரல்தான். தான் தாங்கிக்கொண்டதை வைத்து, அடுத்தவன் எவ்வளவு தாங்க வேண்டும் என்று தீர்மானிக்கிற விரல். மாமியார் மருமகளிடமும், பழைய குமாஸ்தா புதிய குமாஸ்தாவிடமும் காட்டுகிற விரல். தாங்கியவர்கள் தாங்கினார்கள், தாங்காமல் போன குழந்தைகளைப் பற்றி அந்தக் கூட்டத்தில் பேச யார் இருக்கிறார்கள்?

"அன்போடு செய்தேன், தெரியாமல் நடந்துவிட்டது" என்பார்கள். மனுநீதிச் சோழன் கதை நமக்குத் தெரியும். திருவாரூர் வீதியில் அரசகுமாரன் வேண்டுமென்றா கன்றின்மேல் தேரை ஏற்றினான்? பிராயச்சித்தம் செய்தால் போதும் என்று அமைச்சர்களும் சொன்னார்கள். அரசன் கேட்கவில்லை. அவன் தன் மகனுக்கு விதித்த தண்டனை எனக்கு ஒப்பாதது. ஆனால் மகன் மனத்தில் என்ன இருந்தது என்பதைவிடப் பசுவுக்கு என்ன நேர்ந்தது என்பதை அவன் முதலில் பார்த்தானே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. அந்தப் பசுவுக்கு அடிப்பதற்கு ஒரு மணி இருந்தது. குழந்தைக்கு இருப்பது அழுகை ஒன்று. பசித்தாலும் அதே அழுகை, சுட்டாலும் அதே அழுகை.

பழக்கம் கைகொடுக்காத இன்னோர் இடமும் உண்டு. பசும்பாலைக் காய்ச்சிக் கொடுத்த பழக்கம் நமக்கு நெடுங்காலத்தது. எருமைப் பாலிலிருந்து பால்மாவு செய்யும் முறையை மைசூர் ஆராய்ச்சி நிலையத்தார் கண்டது 1950-களில்தான். டப்பாவை மூடி முத்திரையிட்டிருந்தாலும் உள்ளே இருக்கும் மாவு கிருமி அறவே அற்றதன்று. உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட வழிமுறை, கொதித்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே இறங்குமுன் மாவைக் கலந்து, உடனே குளிர்ந்த நீரில் புட்டியை வைத்து ஆற்றச் சொல்கிறது. கிருமியைக் கொல்ல அந்தச் சூடு. குழந்தைக்காக இந்த ஆறுதல். கலந்த பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். குளிர்பெட்டியில் வைத்து எடுத்ததானால், சூடாக்கப் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் வெந்நீரில் வைக்கக் கூடாது. மிதமான சூடு கிருமிக்கும் இதமானது.

குழந்தை குடித்து மிச்சம் வைத்ததைக் கொட்டிவிட வேண்டும். நம் வீடுகளில் சண்டை மூளுவது இங்கேதான். பாலைக் கொட்டுவதா! டப்பா என்ன விலை விற்கிறது! அரைப் புட்டி பாலை மூடி வைத்து, அடுத்த அழுகைக்கு மறுபடி சூடு காட்டிக் கொடுக்கிற சிக்கனத்தை நான் கேலி செய்யமாட்டேன். அந்தச் சிக்கனத்தில்தான் பல குடும்பங்கள் தலைநிமிர்ந்து நின்றன. ஆனால் குழந்தையின் எச்சில் கலந்த பாலில் கிருமி பெருகுவதற்கு விலைவாசி தெரியாது. மருமகள் கொட்டப் போவாள். மாமியார் புட்டியைப் பிடித்துக்கொள்வாள். நடுவில் அகப்பட்ட மகன் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வான். இருவருக்கும் மனம் நோகாத வழி ஒன்று இருக்கிறது. குழந்தை வழக்கமாக எவ்வளவு குடிக்கிறது என்று பார்த்து, அதற்குமேல் கலக்காமல் இருப்பது. போதாமல் அழுதால், மகன் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய் இன்னும் கொஞ்சம் கலந்துகொண்டு வரட்டும்.